நீல வெள்ளை டைல்ஸ்: சமையலறையில் எதை, எந்தச் சுவரில் ஒட்டலாம்?

சமையலறைக்கு நீல வெள்ளை டைல்ஸ்தான் என்று முடிவு செய்துவிட்டுக் கடைக்குப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் டிசைனைத்தான் பார்க்கிறார்கள். டிசைனுக்கு முன்னால் உங்கள் வீட்டுச் சுவரைப் பாருங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அடுப்புக்குப் பின்னால் இருக்கிற சுவரில் தினமும் கடுகு வெடிக்கும், எண்ணெய் தெறிக்கும், மஞ்சள்தூள் படியும், குக்கர் விசில் வரும்போது பருப்புத் தண்ணீர் பீய்ச்சும். ஜன்னலை ஒட்டிய சுவரிலோ சாப்பாட்டு மேசையைப் பார்த்திருக்கும் சுவரிலோ வெளிச்சம் மட்டும்தான் விழும். இரண்டுக்கும் ஒரே டைலை வாங்கினால் அடுப்புப் பக்கம் தேய்த்துத் தேய்த்துக் கை ஓயும், அல்லது நல்ல வெளிச்சம் விழுகிற சுவர் வெறும் கடைச் சரக்கோடு நின்றுவிடும்.

நம் ஊரில் இருந்துகொண்டு நீல வெள்ளைக்கு ஆசைப்படுகிறவருக்கு இருக்கிற வழிகள் இவை: கடைகளில் கிடைக்கும் அச்சு டைல், ஜெய்ப்பூர் நீலப் பாண்ட (ப்ளூ பாட்டரி) டைல், கோவாவில் போர்த்துகீசிய பாணியில் கையால் வரைகிற டைல், நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்து டைல், புதுச்சேரிப் பக்கத்து ஸ்டோன்வேர் (அதிகச் சூட்டில் சுடுகிற பாண்டம்), ஆத்தங்குடி சிமெண்ட் டைல், அப்புறம் வாடகை வீட்டுக்காரர்களுக்கு ஸ்டிக்கர். கணக்குப் போட வசதியாக 10 அடி நீள மேடை, அதற்கு மேல் 2 அடி உயரம், ஆக 20 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம்.

எதை வாங்குவதாக இருந்தாலும் நீலம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருப்பது நல்லது. சீனாவின் ஜிங்டெசென் சூளைகளில் 14ஆம் நூற்றாண்டிலேயே கோபால்ட் என்கிற, நீலம் தரும் உலோகத் தாதுவால் வரைந்து, அதன் மேல் கிளேஸ் பூசிச் சுட்டார்கள். கிளேஸ் என்பது சூட்டில் உருகி மேலே படிகிற கண்ணாடிப் பூச்சு. ஏறக்குறைய 1300 டிகிரி சூட்டிலும் கலையாமல் நிற்கிற நிறங்கள் சொற்பம், கோபால்ட் நீலம் அதில் ஒன்று. டெல்ஃப்ட்காரர்களும் போர்த்துகீசியர்களும் சீனப் பீங்கானைப் பார்த்துத்தான் 17ஆம் நூற்றாண்டில் நீல வெள்ளைக்குள் இறங்கினார்கள். சூளையில் வெந்த கோபால்ட் வெயிலில் வெளுக்காது, சோப்பு போட்டுத் துடைத்தாலும் போகாது. ஆகவே கையால் வரைந்தது என்று யார் எதைக் காட்டினாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “வரைந்த பிறகு சூளையில் வைத்தீர்களா?” என்பதுதான். கடையில் வாங்கிய வெள்ளை டைல் மேல் அக்ரிலிக் பெயின்டால் வரைந்து வார்னிஷ் அடித்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள். சாமி அறைச் சுவரில் அது இருக்கலாம், சமையலறையில் ஸ்கிரப்பருக்குத் தாங்காது.

முதலில் கடை டைல். இந்தியாவில் செய்யப்படும் டைல்களில் பெரும்பங்கு குஜராத்தின் மோர்பியிலிருந்து வருகிறது, உங்கள் ஊர் ஷோரூமிலும் அதுதான் இருக்கும். சமையலறை என்றதும் டார்க், லைட், ஹைலைட்டர் என்று ஒரு செட்டை எடுத்து வைப்பார்கள். நீல வெள்ளை பெரும்பாலும் அந்த ஹைலைட்டரில்தான் இருக்கும், 12க்கு 18 அல்லது 12க்கு 24 அங்குலம், ‘மொராக்கன்’ என்று பெயர் சொல்வார்கள். சின்னச் சின்னக் கற்களை (தனித்தனிச் சின்ன டைல்களைத்தான் கல் என்கிறேன்) அடுக்கி ஒட்டியதுபோல ஒரே டைலில் அச்சடித்திருப்பார்கள், நடுவில் தெரிகிற ஜாயின்ட் கோடுகளும் அச்சுதான். விலை குறைவு, ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டது, ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் சுத்தம். அடுப்புக்குப் பின்னால் ஒட்ட இதைவிட வேலைக்கு ஒத்த பொருள் கிடையாது என்பதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும்.

ஆனால் எல்லா அச்சும் ஒன்றில்லை. நட்சத்திரம், கட்டம், அரைவட்டம் மாதிரி அளவெடுத்து வரைகிற கோலங்கள் அச்சில் நன்றாகவே வருகின்றன, ஏனென்றால் அவற்றில் ஒரே உருவம் பிசகாமல் திரும்ப வருவதுதான் அழகு. பூ, பறவை, படகு என்று தூரிகைக் கோட்டைக் காப்பியடிக்கிற அச்சை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். தூரிகை தொட்ட இடத்தில் நீலம் அடர்ந்திருக்கும், இழுத்து முடிக்கிற இடத்தில் வெளிறும், அதில்தான் உயிர் இருக்கிறது. அச்சில் அதே வெளிறல் அடுத்தடுத்த டைலிலும் அதே இடத்தில் வரும்போது கண் உடனே பிடித்துவிடும், அப்புறம் தினமும் அது மட்டும்தான் தெரியும். இன்னொரு தொல்லை, பெரிய டைலில் அச்சடித்த கோலத்தை சுவிட்ச் பாக்ஸுக்காகவோ மூலைக்காகவோ வெட்டும்போது நட்சத்திரம் பாதியில் அறுந்து நிற்கும். சின்னக் கல்லாக இருந்தால் வெட்டை ஓரமாகத் தள்ளி மறைத்துவிடலாம்.

மேற்பரப்பில் மேடு பள்ளம் இருக்கிற டைல் அடுப்புப் பக்கம் வேண்டவே வேண்டாம், பள்ளத்தில் எண்ணெய்ப் பிசுக்கு உட்கார்ந்துவிடும். மேட் ஃபினிஷும் சுவருக்கு வேண்டாம் என்பேன். சமையலறைச் சுவர் என்றால் கிளாஸிதான்.

இப்போது ஜாயின்ட். நீல வெள்ளை சமையலறை பாழாவது முக்கால்வாசி இந்த விஷயத்தில்தான், யாரும் முன்கூட்டி யோசிப்பதும் இல்லை. நம் 20 சதுர அடியில் 12க்கு 18 டைல் போட்டால் 14 டைல் வரும், ஜாயின்ட் கோடுகளின் மொத்த நீளம் சுமார் 33 அடி. அதே இடத்தில் 6 அங்குலக் கல் போட்டால் 80 கல், 80 அடி ஜாயின்ட். 4 அங்குலம் என்றால் 180 கல், 120 அடி ஜாயின்ட். அந்த 120 அடியையும் வெள்ளை சிமெண்டால் அடைத்தீர்கள் என்றால் சில மாதம் தாளித்ததுமே அடுப்பைச் சுற்றி மஞ்சள் கோடுகள் தெரியும், பிறகு எதைப் போட்டுத் தேய்த்தாலும் முழுசாகப் போகாது, ஏனென்றால் மஞ்சள் சிமெண்டுக்குள்ளேயே இறங்கியிருக்கும். ஆசிட் கலந்த கிளீனர் ஊற்றினால் சிமெண்டே அரித்துப்போகும். எபாக்ஸி குரவுட், அதாவது ஜாயின்ட்டை அடைக்கிற ரெசின் கலவை, எண்ணெயையும் மஞ்சளையும் உள்ளே விடாது. விலை அதிகம், கலந்தால் சீக்கிரம் இறுகிவிடும், வழிந்ததை அப்போதே துடைக்க வேண்டும், அதனால் பல கொத்தனார்கள் “அதெல்லாம் வேணாம்மா, ஒயிட் சிமெண்ட்டே போதும்” என்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். முழுச் சுவருக்கும் எபாக்ஸி கட்டுப்படி ஆகாவிட்டால் அடுப்புக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அடிக்காவது போடச் சொல்லுங்கள். நிறமும் சுத்த வெள்ளையாக இருக்க வேண்டியதில்லை, இளஞ்சாம்பல் எடுத்தால் நீலத்தோடு நன்றாக ஒட்டிப்போகும், அழுக்கும் சட்டென்று காட்டாது.

சரி, கையால் செய்தவற்றுக்கு வருவோம். ஜெய்ப்பூர் நீலப் பாண்டம் எல்லோருக்கும் தெரிந்த பெயர், ஆனால் அதில் சாதாரணக் களிமண் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. குவார்ட்ஸ் கல்லைப் பொடித்து, கண்ணாடித் தூள், முல்தானி மட்டி, பிசின் எல்லாம் சேர்த்துப் பிசைகிறார்கள். கோபால்ட் ஆக்சைடு ஆழ்ந்த நீலத்தைத் தருகிறது, காப்பர் ஆக்சைடு மயில்கழுத்துப் பச்சை கலந்த நீலத்தை. நடுவில் நொடித்துப்போன இந்தக் கலையை 20ஆம் நூற்றாண்டில் மீட்டெடுத்தவர்களில் முக்கியமானவர் கிருபால் சிங் ஷெகாவத், அதற்காக 1974இல் பத்மஸ்ரீ பெற்றவர். இது சுமார் 800, 850 டிகிரி சூட்டில் ஒரே தடவை சுடப்படுகிற பொருள். அதனால் அந்த நிறத்துக்கு ஈடே கிடையாது, பலம்தான் குறைவு. ஓரம் சீக்கிரம் உதிரும், கிளேஸில் மயிரிழை போல விரிசல் ஓடும், அந்த விரிசலுக்குள் எண்ணெய் போனால் கருத்துவிடும். ஜெய்ப்பூர் டைலை அடுப்புக்குப் பின்னால் ஒட்டாதீர்கள், தரையிலும் சிங்க்கைச் சுற்றியும் ஒட்டாதீர்கள். ஜன்னல் விளிம்பைச் சுற்றி ஒரு வரிசை, தட்டு அலமாரிக்குப் பின்சுவர், சமையலறைக் கதவுக்கு மேல் ஒரு பட்டை, இப்படித் தெறிப்பு எட்டாத இடத்தில் வைத்தால் வெளிச்சம் படும்போதெல்லாம் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றும். 4 அங்குலத்திலும் 6 அங்குலத்திலும் கிடைக்கிறது. வாங்கினால் உடைவதற்கென்று தாராளமாகக் கூட்டி வாங்குங்கள், கட்டரில் வெட்டும்போது இது சொன்னபடி கேட்காது.

அசுலேஜோ என்கிற போர்த்துகீசிய டைல் வேறு ரகம். சுட்ட ஓட்டின் மேல் வெள்ளைக் கிளேஸைப் பூசி, அது பொடியாக இருக்கும்போதே தூரிகையால் வரைந்து திரும்பச் சுடுவது பழைய முறை, அந்தப் பொடி நிறத்தை உடனே உறிஞ்சிவிடும் என்பதால் அழித்து எழுத முடியாது. ஒரு கல்லில் ஒரு படம் என்று நிற்காமல் ஒரு சுவரையே ஒரே காட்சியாக விரிப்பது அவர்கள் பழக்கம். போர்ட்டோ நகரின் சாவ் பென்டோ ரயில் நிலைய முகப்புக் கூடத்தில் ஜோர்ஜ் கொலாசோ வரைந்த சுமார் 20,000 கற்கள் அப்படித்தான் போர்களையும் ஊர்வலங்களையும் சொல்கின்றன. அதே கொலாசோவின் வேலையை அவ்வளவு தூரம் போகாமலே பணஜியில், மெனெசஸ் பிரகன்சா நிறுவனத்தின் முகப்பறையில் பார்க்கலாம். பணஜியின் ஃபோன்டெய்ன்ஹாஸ் தெருக்களில் பெயர்ப்பலகைகளே நீல வெள்ளை ஓடுகள்தான். கோவாவில் இந்தப் பாணியில் வரைகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள், கேட்டால் உங்களுக்கென்று வரைந்து தருகிறார்கள், ஜெய்ப்பூர் சரக்கைப் போல இதில் எண்ணெய்க்கு அவ்வளவு பயப்பட வேண்டியதும் இல்லை. நம் சமையலறைக்கு இதில் எனக்கு ஒரே தயக்கம், பெரிய காட்சிக்குச் சுவர் காலியாக இருக்க வேண்டும். மிக்ஸி, கிரைண்டர், எண்ணெய்த் தூக்கு, உப்பு ஜாடி, அஞ்சறைப் பெட்டி எல்லாம் முன்னால் வரிசை கட்டி நிற்கிற மேடையில் படத்தின் கீழ்ப்பாதி என்றைக்கும் தெரியப்போவதில்லை. சிங்க்குக்கு எதிர்ச்சுவரோ சாப்பிடுகிற இடத்துச் சுவரோ மூன்றடி அகலத்துக்குக் காலியாக இருந்தால் மட்டும் இதை எடுங்கள். எடுத்தால் மலர்க்கொடியோடு நிறுத்தாமல் உங்கள் ஊர்க் குளத்தையோ கோயில் தெருவையோ வரையச் சொல்லிக் கேளுங்கள், கையால் வரைய வைப்பதில் கிடைக்கிற பெரிய பலனே அதுதான்.

டெல்ஃப்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் வாங்க முடியாவிட்டாலும் கற்றுக்கொள்ள வேண்டியது அங்கேதான் இருக்கிறது. பழைய டச்சு டைல் சுமார் 13 சென்டிமீட்டர் சதுரம். நடுவில் ஒரு சின்ன உருவம், பம்பரம் விடுகிற பையனோ ஒரு கப்பலோ. நான்கு மூலையிலும் ஒரு சின்ன அலங்காரம். மீதி எல்லாம் வெள்ளை. அதனால்தான் சுவர் முழுக்க ஒட்டினாலும் தூரத்திலிருந்து வெள்ளைச் சுவராகத் தெரிகிறது, கிட்டே போனால் மட்டும் ஒவ்வொன்றாகப் பேசத் தொடங்குகிறது. சின்ன சமையலறைக்கு இந்த விகிதம்தான் சரி. எட்டுக்குப் பத்து அறையில் நீலம் அடர்ந்த கோலத்தை நான்கு சுவரிலும் ஏற்றினால் அறை சுருங்கிவிடும், ஏற்கெனவே பாத்திரமும் டப்பாவுமாக நிறைந்த இடம் அது. 1653இல் தொடங்கிய ராயல் டெல்ஃப்ட் இன்றும் கையால் வரைகிறது, ஆனால் அங்கிருந்து வரவழைக்கிற செலவு, உடைகிற பயம் இரண்டையும் பார்த்தால் 20 சதுர அடிக்கு அதை நான் சொல்ல மாட்டேன். பயணம் போகிறவர் நான்கைந்து கல் வாங்கி வந்தால் சந்தோஷம். 13 சென்டிமீட்டர் கல் நம் 6 அங்குல வரிசைக்குள் பொருந்தாது என்பதை மட்டும் நினைவில் வைத்து, தனிச் சட்டமாகச் சுற்றிப் பட்டை கொடுத்து ஒட்ட வேண்டும்.

பிரான்ஸில் ஜிவெர்னியில் ஓவியர் மோனேயின் வீடு இருக்கிறது, 1883இலிருந்து சாகும்வரை அவர் வாழ்ந்த வீடு. அதன் சமையலறைச் சுவர்களில் ரூவான் நகரத்து நீல ஓடுகள், அவற்றின் மேல் வரிசையாகத் தொங்குகிற செம்புப் பாத்திரங்கள். இன்றும் அப்படியே வைத்திருக்கிறார்கள். நீலமும் செம்பும் ஒன்றையொன்று எப்படித் தூக்கிக் காட்டும் என்பதற்கு அந்த அறை போதும். நம் வீட்டுப் பரணில் கிடக்கிற பித்தளை அண்டாவும் செம்புக் குடமும் இதே வேலையைச் செய்யும். நீல வெள்ளைச் சுவரோடு எவர்சில்வர் மட்டும் இருந்தால் அறை கொஞ்சம் ஆஸ்பத்திரி மாதிரி குளிர்ந்து போகும், அதனால் புதிய டைலுக்குச் செலவழிக்கிற பணத்தில் சிறிதை ஈயம் பூசவும் புளி போட்டு விளக்கவும் ஒதுக்குங்கள் என்பது என் கட்சி.

புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் தொழில் பழகி வெளியே வந்தவர்கள் பலர் அந்த வட்டாரத்திலேயே சூளை வைத்திருக்கிறார்கள். ஸ்டோன்வேர் 1200 டிகிரிக்கு மேல் சுடுவது, தண்ணீர் குடிக்காது, அடுப்புப் பக்கத்துக்கும் தாங்கும். நீலம் மேகம்போல ஏற்ற இறக்கத்தோடு வரும், வெள்ளையும் பளிச்சென்று இருக்காது. வரைந்த கோலம் வேண்டாம், நீலத்தின் ஆழம் போதும் என்பவருக்கு இதுதான் நம் பக்கத்தில் கிடைக்கிற மிக நல்ல வழி, காத்திருக்கப் பொறுமை வேண்டும்.

ஆத்தங்குடியை நீலத்திலும் செய்து தருகிறார்கள். அது சூளையில் சுட்டதில்லை, கண்ணாடித் தட்டின் மேல் வண்ணமும் சிமெண்டும் ஊற்றி, இறுகியதும் தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. புளியும் எலுமிச்சையும் சிமெண்டை அரிக்கும், எண்ணெய் உள்ளே இறங்கும். எனவே சமையலறைச் சுவருக்கு வேண்டாம், பக்கத்து அறைத் தரைக்கு வைத்துக்கொள்ளுங்கள். செட்டிநாட்டு வீடுகளைக் கட்டியவர்களே தரைக்கு ஆத்தங்குடியும் சுவருக்கு ஜப்பானிலிருந்து வந்த பூ வேலை ஓடுகளும் என்று பிரித்து வைத்திருந்தார்கள். ஸ்டிக்கரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வாடகை வீட்டில் ஜன்னல் பக்கம் ஒட்டலாம், பர்னருக்குப் பின்னால் ஒட்டினால் சூட்டில் ஓரம் சுருண்டு எழும்.

இத்தனையையும் வைத்து அந்த 20 சதுர அடிக்கு என் முடிவைச் சொல்கிறேன். அடுப்பையும் சிங்க்கையும் சுற்றி வெற்று வெள்ளை கிளாஸி 6 அங்குலக் கல், எபாக்ஸி ஜாயின்ட்டோடு. எல்லாக் கடையிலும் இந்த அளவு இருக்காது, கேட்டு வரவழைக்க வேண்டியிருக்கும். அடுப்பை விட்டு விலகிய பக்கத்தில், கண்மட்டத்துக்கு, கையால் வரைந்து சூளையில் சுட்ட கற்கள் பத்தோ பன்னிரண்டோ, வெள்ளைக்கு நடுவே இடைவெளி விட்டு. 80 கல்லும் அச்சாக இருப்பதைவிட இந்தப் பன்னிரண்டும் அறையை மாற்றிவிடும், செலவும் கைக்குள் நிற்கும். கையில் பணம் அதற்கும் இல்லை என்றால் அளவெடுத்த கோல அச்சை ஒரே ஒரு சுவருக்கு மட்டும் எடுங்கள், அதிலும் குறை ஒன்றும் இல்லை.

இந்தக் கலப்பில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று வெள்ளை. கையால் செய்த கல்லின் வெள்ளை பால் நிறமாகவோ லேசாகச் சாம்பல் ஓடியோ இருக்கும், ஃபேக்டரி வெள்ளை பக்கத்தில் வைத்தால் அது அழுக்காகத் தெரியும். ஆகவே முதலில் கைவேலைக் கல்லை வாங்கி, அதைப் பையில் போட்டுக் கடைக்கு எடுத்துப் போய் அதன் வெள்ளைக்கு ஒத்த ஐவரியைத் தேடுங்கள். இரண்டாவது தடிமன். கைவேலைக் கல் பெரும்பாலும் கனமாக இருக்கும், பின்னால் போடுகிற டைல் கம்மை ஏற்றி இறக்கித்தான் முகத்தைச் சமமாக்க முடியும், இதைக் கொத்தனாரிடம் வேலைக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

மேடை கருப்பு கிரானைட்டாக இருந்தால் ஆழ்ந்த நீலம் அதற்கு மேலே செத்துப்போகும், நடுத்தர நீலம் எடுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருக்கிற வீட்டில் சிங்க்குக்குப் பின்னால் முழு நீல டைல் வேண்டாம், வெள்ளைத் திட்டு அப்படியே தெரியும். மஞ்சள் பல்பின் கீழ் நீலம் சாம்பலாக மாறும் என்பதால் 4000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்கிற அளவு) அளவில் இருக்கிற விளக்கைப் போட்டுவிட்டு அந்த வெளிச்சத்திலேயே கல்லைத் தேர்ந்தெடுங்கள். கடை டைலை வாங்கும்போது எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள், பத்தில் ஒரு பங்கு கூடுதலாக எடுத்து, மிஞ்சியதைப் பரணில் வையுங்கள்.

ஒட்டுவதற்கு முந்தைய நாள் சுவரின் அளவைத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, சுவிட்ச் பாக்ஸ், குழாய், சிம்னி வருகிற இடங்களைக் குறித்து, கற்களை அப்படியே பரப்பிப் பாருங்கள். படம் வரைந்த கல் எதுவும் சுவிட்ச் பாக்ஸில் போய் விழாதபடி மாற்றி அடுக்கி, ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலால் எண் போட்டு, போனில் ஒரு படமும் எடுத்துக்கொண்டு, அந்தப் படத்தைக் கொத்தனாரிடம் கொடுங்கள்.